கூட்டிச் சொன்ன மூன்று வயது

லெட்சுமிக்கு ஐம்பத்தைந்து வயது நிரம்பிவிட்டது என்று சொல்லி ஆஸ்பத்திரி அவளை வீட்டுக்கு அனுப்பியபோது, அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. இடையிலுள்ள மூன்று வயதை அவளுக்கு ஏற்றிவிட்டவள் அவளைப் பெற்ற காத்தாயி. ஏற்றிய விதத்துக்கு அடையாளம் லெட்சுமியின் இடது மேற்கையில் இருந்தது: மூன்று தழும்புகள். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் அதை அம்மை குத்திய வடு என்று நினைத்துக்கொள்வார்கள். அம்மை குத்திய வடு வட்டமாக இருக்கும். இவை விரல் நீளம். கரண்டிக் காம்பைக் காய்ச்சி வைத்தவை.

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அவளும் நானும் பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரே வார்டில் வேலை பார்த்தோம்; ஒரே அறையில் பாய் விரித்தோம். ஆகவே இதில் பாதி அவள் சொல்லக் கேட்டது. மீதி நான் கண்ணால் பார்த்தது.

நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவள் வளர்ந்தாள். பெற்றோர் கும்பகோணம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அப்பா மரம் சீவினான். அம்மா சீவிய மரங்களில் பால் வடியும் மங்குக் கிண்ணங்களிலிருந்து பாலை வாளியில் சேர்த்துக் கொட்டகைக்குச் சுமந்தாள். லெட்சுமிக்கு ஒன்பது வயதானபோது, 1927இல், அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் செத்துப்போனான். காத்தாயியின் வயிற்றில் அப்போது ஐந்து மாதப் பிள்ளை.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில், ஒரு வீடு வேண்டுமென்றால் அந்த வீட்டிலிருந்து இரண்டு பேருடைய பெயராவது பெரட்டுப் புத்தகத்தில் இருக்க வேண்டும். பெரட்டு என்பது விடிவதற்கு முன்னால் எல்லாரையும் களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. ஒரு பெயர் மட்டும் உள்ளவனுக்குத் தனி வீடு கிடையாது. இன்னொரு ஒற்றைப் பெயரோடு சேர்த்துவிடுவார்கள். ஒற்றைப் பெயர் பெண்ணாக இருந்தால் எந்த ஒற்றைப் பெயரோடு சேர்ப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் பால் தெளித்து முடிந்த கையோடு வேலு கங்காணி வந்து வாசலில் நின்றான். துக்கம் விசாரிக்க வந்தவன் போலத்தான் ஆரம்பித்தான்.

"ஒத்தப் பேருக்கு வீடு கெடையாதுன்னு ஒனக்கே தெரியும். ஆறாம் லயத்துல ஒரு ஆளு தனியா கெடக்கான். கை சுத்தம், குடி மட்டும் கொஞ்சம். ஒண்ணாந்தேதிக்குள்ள அங்க போயிரு."

"ஒண்ணாந்தேதிக்குள்ள ரெண்டாவது பேரு தர்றேண்ணே" என்றாள் காத்தாயி.

"யாரு, வயித்துல இருக்கறதா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனான்.

பிள்ளைகளைப் புத்தகத்தில் சேர்க்கப் பன்னிரண்டு வயதாக வேண்டும். லெட்சுமி அப்பனைப் போல நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். உயரம் போதும். வயதுதான் போதாது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி நாகநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். வேட்டியில் கறை இல்லாமல் தோட்டத்தில் நடமாடுகிற ஒரே மனிதர். அவருக்குத் தாய் தகப்பன் சொல்லும் வயதில் நம்பிக்கை கிடையாது. அவர்கள் தேவைக்குத் தகுந்தபடி கூட்டுவார்கள், குறைப்பார்கள். அதனால் அவர் எப்போதும் பிள்ளையைத்தான் கேட்பார். பிள்ளை வாயில் எது வருகிறதோ அதுவே புத்தகத்தில் வயது. கேட்டவுடன் சொல்ல வேண்டும். தாய் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் போயிற்று.

காத்தாயிக்குப் பதினொரு நாள் இருந்தது.

அவள் பயிற்சி கொடுத்த விதத்தை லெட்சுமி எனக்கு வேலை சொல்லிக் கொடுப்பவள் போல வரிசையாகச் சொன்னாள். அடுப்பூதும்போது கேட்பாள். தலை வாரும்போது கேட்பாள். தூக்கத்திலிருந்து தட்டி எழுப்பிக் கேட்பாள். "வயசு என்ன?" பன்னெண்டு என்று சொன்னால் சுண்டு விரல் நகமளவு வெல்லம். லெட்சுமி கையை நீட்டி வாங்கிக்கொள்வாள். ஒன்பது என்று சொன்னால் கிள்ளு. இரண்டு நாளில் அவள் தேறிவிட்டாள். அதற்குப் பிறகுதான் கஷ்டமான பாடம் தொடங்கியது. காத்தாயியே வேண்டுமென்று தப்பாகச் சொல்லிக் காட்டுவாள். "ஒனக்கு ஒம்போது தானடி? அம்மா சொல்றேன், ஒம்போது" என்று கொஞ்சலாகக் கேட்பாள். அம்மாவே சொல்கிறாளே என்று தலையாட்டினால் கரண்டிக் காம்பு. அப்படி மூன்று தடவை ஏமாந்தாள். நான்காவது தடவை காத்தாயி அழுதுகொண்டே ஒன்பது என்று சொன்னபோதும் லெட்சுமி பன்னெண்டு என்றாள். அன்று வெல்லம் இரண்டு துண்டு கிடைத்தது.

இன்னொரு சிக்கல், பல். ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பால்பல் ஆடும். பன்னிரண்டு வயது என்று சொல்லும் பிள்ளையின் முன்பக்கத்தில் பால்பல் ஆடிக்கொண்டிருந்தால் கண்ணுள்ளவன் கண்டுபிடித்துவிடுவான். லெட்சுமிக்கு மேல்வரிசையில் இரண்டு கோரைப்பற்கள் லேசாக ஆடின. மாத முதல் தேதிக்கு முந்திய நாள் காத்தாயி அவற்றில் நூலைக் கட்டி இழுத்தாள். ஒன்று வந்தது. மற்றது உடைந்து பாதி வந்தது. விழுந்த பல்லைச் சாணியில் வைத்துக் கூரைமேல் எறிவதுதான் நம் வழக்கம். அவள் அதையும் செய்ய விடவில்லை. யாராவது பார்த்தால் வினை என்று சாக்கடையில் போட்டாள்.

மறுநாள் பெரட்டுக் களத்தில் நாகநாதன் லாந்தரைத் தூக்கி லெட்சுமியின் முகத்தைப் பார்த்தார். கன்னம் வீங்கியிருந்தது.

"பயப்பிடாதை பிள்ளை. உள்ளதைச் சொல்லு. எத்தினை வயசு?"

"பன்னெண்டு."

எழுதிக்கொண்டார். வேலு கங்காணி மூக்கைச் சொறிந்துகொண்டு நகர்ந்தான். வீடு தங்கியது.

இதற்குப் பிறகு மூன்று வருஷம் லெட்சுமி பன்னிரண்டும் பதின்மூன்றும் பதினான்குமாக இருந்தாள். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் ஒன்று ஏற்றிக்கொள்ள வேண்டும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டம் தோட்டத்திலிருந்து கிளம்பும்போது காத்தாயி அவள் காதில் புதிய எண்ணைச் சொல்வாள். முதலில் மங்கு துடைத்தாள். பிறகு புல் வெட்டினாள். பிறகு அம்மாவோடு வாளி சுமந்தாள். வயதொத்த பிள்ளைகளோடு விளையாடக் கூடாது. பாண்டி ஆடுகிறவளைப் பார்த்து யாராவது சந்தேகப்படுவார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒருநாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாளாம். பெரட்டுப் புத்தகத்தில் பெயர் உள்ளவர்களுக்கு இங்கே இடமில்லை என்று வாத்தியார் அனுப்பிவிட்டார். அவர் சொன்னது சரிதான். தம்பி வாசு பிறந்தான். அவனை ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டு இருவரும் வேலைக்கு மலையேறுவார்கள். கரண்டிக் காம்பு மறுபடி அடுப்பில் காயவில்லை. தேவை இருக்கவில்லை.

1930இல் ரப்பர் விலை விழுந்தது. பாதிப் பேருக்கு வேலை இல்லை என்றார்கள். காத்தாயிக்கு ஏற்கெனவே இருமல். துணியில் ரத்தம் பார்க்கத் தொடங்கியிருந்தாள். ஊருக்குத் திருப்பி அனுப்புகிறவர்களின் முதல் பட்டியலிலேயே அவளைப் போட்டார்கள். நாற்பது பேரை ரயிலில் பிறைத் துறை வரைக்கும் கொண்டுவந்து, பெர்ரிப் படகில் ஏற்றி, ஜார்ஜ் டவுனில் கப்பலுக்குக் காத்திருப்பவர்களை வைத்திருக்கும் கொட்டடியில் சேர்த்தார்கள். கூட வந்தவர் நாகநாதன், கையில் அதே புத்தகத்தோடு.

நான் அங்கேதான் இருந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பழகிக்கொண்டிருந்தேன்; கொட்டடியில் ஆள் போதாது என்று அந்த வாரம் அனுப்பியிருந்தார்கள். பிள்ளைகளின் தலையில் பேன், கண்ணில் சீழ், வாயில் புண் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். வெள்ளைக்கார டாக்டர் மேசையிலிருந்து குறித்துக்கொள்வார்.

கப்பலில் இடம் குறைவு. அன்று காலையில்தான் ஒரு முடிவு வந்தது: சீக்காளிகள் முதலில் போகட்டும், அவர்களோடு பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளும் போகட்டும், உடம்பில் தெம்புள்ள மற்றவர்கள் இங்கேயே நிற்கட்டும், வேறு வேலை பார்த்துக் கொடுக்கலாம். இது வரிசையில் நின்ற யாருக்கும் தெரியாது. உள் அறையில் சீக்காளிகளுக்கு மட்டும் சொன்னார்கள். சொன்ன நிமிஷத்திலிருந்து வெளியே வந்த ஒவ்வொரு தாயும் பிள்ளையின் வயதைக் குறைத்தாள். மீசை அரும்பிய பையனுக்குப் பன்னிரண்டு என்றாள் ஒருத்தி. பத்து மணிக்கெல்லாம் டாக்டர் தாய்மார் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

காத்தாயி வாசுவோடு உள்ளே இருந்தாள். லெட்சுமி தனியாக வரிசையில் நகர்ந்து என்னிடம் வந்தாள். வாயைத் திற என்றேன். திறந்தாள். பன்னிரண்டு வயதையொட்டி முளைக்கும் கடைவாய்ப் பல் அப்போதுதான் ஈறைக் கிழித்து நுனி காட்டியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு பால்பல் இன்னும் விழாமல் ஆடியது. கை மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கியது. பன்னிரண்டு என்று எனக்குத் தெரிந்தது. பற்களைப் பார்த்து வயது சொல்ல எங்களுக்குப் பாடம் இருந்தது. ஆனால் என்னிடம் கேட்டது பேனும் புண்ணும்தான். "சுத்தம்" என்று சொல்லி மேசைப் பக்கம் தள்ளினேன்.

நாகநாதன் புத்தகத்தைத் திறந்து, லெட்சுமி, பதினைந்து என்று வாசித்தார். அந்த நேரத்தில் காத்தாயி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். வாசு இடுப்பில் தொங்கினான்.

"பன்னெண்டு சாமி. எம்புள்ளைக்குப் பன்னெண்டுதான். அன்னிக்கு நான்தான் கூட்டிச் சொல்ல வச்சேன். வீட்டுக்காவச் சொன்னேன் சாமி."

நாகநாதன் இதை டாக்டருக்கு இங்கிலீஷில் சொன்னார். எப்படிச் சொன்னாரோ தெரியாது. டாக்டர் சிரித்தார். அன்று பொய் சொன்னவள் இன்று உண்மை சொல்கிறாளாமா என்று கேட்டிருப்பார். காலையிலிருந்து அவர் கேட்டதெல்லாம் பன்னிரண்டுதான்.

நாகநாதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒன்பது வயதுப் பிள்ளையைப் பன்னிரண்டு என்று எழுதியது அவர் கை. அது தெரிந்தால் அவர் வேலை போகும். வேலையில்லாத கிராணிகள் அந்த வருஷம் பினாங்கில் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. தம் முறைப்படி நடந்தார்.

"பிள்ளையையே கேக்கிறன் ஐயா" என்று தமிழிலும் இங்கிலீஷிலும் சொல்லிவிட்டு லெட்சுமி பக்கம் குனிந்தார். "பயப்பிடாதை பிள்ளை. உள்ளதைச் சொல்லு. எத்தினை வயசு?"

"பன்னெண்டுன்னு சொல்லுடி" என்றாள் காத்தாயி. கண்ணீர் வழிந்தது. "அம்மா சொல்றேன். பன்னெண்டு."

லெட்சுமி அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதே கிராணி, அதே புத்தகம், அதே கேள்வி. அம்மா அழுதுகொண்டே தப்பான எண்ணைச் சொல்லித் தருகிறாள். இதற்குத்தான் கையில் மூன்று தழும்பு.

"பதினஞ்சு" என்றாள்.

டாக்டர் குறித்துக்கொண்டார். நாகநாதன் புத்தகத்தை மூடினார். லெட்சுமி அப்போதுதான் அம்மா பக்கம் திரும்பினாள். திரும்பி, உள்ளங்கையை நீட்டினாள்.

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. பிச்சை கேட்கிற மாதிரி ஏன் இந்தப் பிள்ளை கை நீட்டுகிறது என்று நினைத்தேன். காத்தாயி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு ஓங்கி அடித்தாள். பிள்ளை கையை இழுத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப பதினாறாம்மா?"

வரிசையில் நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. மூன்று நாளாக அந்தக் கொட்டடியில் சிரிக்க வேறொன்றும் நடக்கவில்லை.

காத்தாயியை மறுநாள் காலை கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். தெம்புள்ளவர்களைத் துறைக்கு வர விடவில்லை. காத்தாயியால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாததால் வாசுவைச் சுமந்துகொண்டு படகு வரைக்கும் போகும்படி என்னை அனுப்பினார்கள். வழியெல்லாம் இருமினாள். படகில் கால் வைக்கும்போதுதான் வாய் திறந்தாள்.

"அவகிட்டச் சொல்லும்மா. இனிமே யாரு கேட்டாலும் பதினஞ்சுன்னே சொல்லட்டும். சின்னப் புள்ளைன்னு தெரிஞ்சா ஒருத்தனும் வேலை தர மாட்டான். வேலை இல்லேன்னா சோறு இல்ல."

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். "தைப்பூசத்துக்கு ஒண்ணு ஏத்திக்கச் சொல்லு" என்றாள்.

நான் திரும்பி வந்து சொன்னேன், சொன்னபடியே. லெட்சுமி கேட்டுக்கொண்டு தலையாட்டினாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: பதில் சரியாக இருந்தால் அம்மா ஏன் அடித்தாள்? எனக்குத் தெரியாது என்றேன். அப்போது அது உண்மையும்கூட. தழும்பின் கதை எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதைக் கேட்ட பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. அதற்குள் அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

கொட்டடியில் நின்றுவிட்ட பெண்களில் நாலு பேரை ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு எடுத்தார்கள். எங்கள் மூத்த ஆயா ஆசியா பீவி வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் லெட்சுமியிடம் நின்றார்.

"இது பதினஞ்சா? எலும்பு வேணும்னா பதினஞ்சு இருக்கும் லா. சதை எங்க?"

"பதினஞ்சு" என்றாள் லெட்சுமி, கேட்பதற்கு முன்பே.

பீவி அவளை எடுத்துக்கொண்டார். என் அறையில் படுக்கச் சொன்னார். முதல் மாதத்தில் ஒருநாள் சோறு தின்னும்போது அவளுடைய கடைசிப் பால்பல் விழுந்தது. ஆஸ்பத்திரியில் சாணிக்கு எங்கே போவது? கூரையும் எட்டாது. அவள் அதைத் துப்பி, நான் பார்க்கிறேனா என்று பார்த்துவிட்டு, சாக்கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டாள்.

அடுத்த வருஷம் ஒரு கடிதம் வந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். காத்தாயி நாகப்பட்டினத்தில் இறங்கிப் பத்தொன்பது நாள் உயிரோடு இருந்தாள். வாசு மாமன் வீட்டில் இருக்கிறான். அவ்வளவுதான் எழுதியிருந்தது. லெட்சுமி கடிதத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டு, எட்டாம் கட்டிலுக்குப் பேசின் எடுத்துக்கொண்டு போனாள். எட்டாம் கட்டிலுக்கு அது வேண்டியிருந்தது.

அவள் நல்ல வேலைக்காரி. பிரசவ வார்டில் அவளைப் போல ஒருத்தி கிடையாது. சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வரும் தாய்மாரிடம் மட்டும் பேச மாட்டாள். துணியைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். கல்யாணத்துக்கு இரண்டு இடம் வந்தது. வயதைக் கேட்டார்கள், சொன்னாள், கூடுதல் என்று போய்விட்டார்கள். அவள் சொன்னதில் மூன்று குறைத்திருந்தால் ஒன்றாவது நின்றிருக்கும். நான் சொல்லிப் பார்த்தேன். நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

பிறகு எத்தனையோ வருஷம் போய், ஓய்வு பெறச் சொல்லிக் கடிதம் வந்தபோது நான் விடவில்லை. மூன்று வருஷச் சம்பளம் விளையாட்டில்லை. அவளை இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த கிளார்க் நம் பையன்தான், மரியாதை தெரிந்தவன். நான் கொட்டடியில் அவள் பல்லைப் பார்த்ததைச் சொன்னேன். சத்தியம் செய்து எழுதித் தரவும் தயார் என்றேன். அவன் முழுக்கக் கேட்டான். இதற்கு வழி இருக்கிறது, அவர்கள் வாயால் ஒரு தரம் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் மேலே அனுப்புகிறேன் என்றான். படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு லெட்சுமியைப் பார்த்தான்.

"பயப்படாதீங்க அக்கா. உள்ளதைச் சொல்லுங்க. உங்களுக்கு என்ன வயசு?"

நான் அவள் முழங்கையை இடித்தேன். "அம்பத்திரண்டுன்னு சொல்லு" என்றேன்.

அவள் என் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அம்பத்தஞ்சு" என்றாள்.

பையன் என்னைப் பார்த்தான். பிறகு பேனாவை மூடினான்.